மூணு ஃபேன் கார்டும் ஃபைபர் பெட்டியும்

அமுதா, கார்த்தி,

கடையை நீங்கள் எடுத்துக்கொண்ட பிறகு நான் அங்கே வந்தால் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில்தான் உட்காருகிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கடை வேறு மாதிரி தெரிகிறது. போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒருவர், கம்ப்யூட்டரில் ஆட்டம் ஆடுவதற்குப் போடும் கிராபிக்ஸ் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கார்த்தி அதை டெஸ்ட் பெஞ்சில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டினான். நன்றாக ஓடியது. "கார்டு ஓகே சார், உங்க சிஸ்டத்துலதான் ஏதோ பிரச்சினை" என்று சொல்லி அனுப்பிவிட்டான். கார்த்தியைத் திட்ட எனக்கு உரிமை கிடையாது. அந்த வார்த்தையை இந்தக் கடையில் பழக்கியவன் நான். அதை வைத்துக்கொண்டு நான் பட்டதையும் நானே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அவர்களுக்காக முதலில் நம் பழக்கத்தைச் சொல்கிறேன். ஏசிக்கு நேர் கீழே ஒரு மேசை. அதன் மேல், பெட்டி எதுவும் இல்லாமல் திறந்தபடி ஒரு மதர்போர்டு, நல்ல பிராசஸர், பெரிய பவர் சப்ளை. அதுதான் டெஸ்ட் பெஞ்ச். எந்தக் கார்டு வந்தாலும் அதில் மாட்டி, ஒரே ஆட்டத்தை ஓட்டி, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், திரையில் வருகிறது என்று பார்ப்போம். விலையை அந்த எண்ணால் வகுத்து, ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை ரூபாய் என்று வெள்ளைப் பலகையில் எழுதிவைப்போம். நடுத்தர விலைக் கார்டு வாங்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். பெரிய கார்டு வாங்குகிறவர் விலையைக் கேட்பதில்லை. சின்னக் கார்டு வாங்குகிறவருக்குப் படம் தெரிந்தால் போதும். நடுவில் இருக்கிறவர்தான் யூடியூபில் இருபது வீடியோ பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி, ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு வாரம் யோசித்துவிட்டு வருவார்.

நான் தொழில் கற்ற கடையில் முதலாளி ஒரு வார்த்தை சொல்வார். "பெஞ்ச் பொய் சொல்லாதுடா. கஸ்டமர் சொல்லுவான், கம்பெனிக்காரன் சொல்லுவான், நீயும் சொல்லுவ." அதைத்தான் நான் வேதமாக வைத்திருந்தேன். திரும்பி வந்த கார்டு பெஞ்சில் ஓடினால், பில்லின் பின்பக்கம் சிவப்பு மையில் 'கார்டு ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

இரண்டு வருடம் முன்பு, ஏப்ரல் மாத வெயிலில், ஸ்டெல்லா என்று ஒரு பெண் வந்தாள். கல்லூரி இரண்டாம் வருடம். கடலோரத்து ஊரூர் குப்பத்திலிருந்து பஸ் மாறி தி.நகர் வந்திருந்தாள். துப்பாக்கி ஆட்டம் ஒன்றை ஐந்து பேர் அணியாக, அவரவர் வீட்டிலிருந்து இன்டர்நெட்டில் ஆடும் கூட்டத்தில் ஒருத்தி. மற்ற நாலு பேரும் அடையாறு, மயிலாப்பூர் பையன்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசோடு வந்திருந்தாள்.

"அங்கிள், ரெண்டு ஃபேன் கார்டு ஒண்ணு வேணும்."

நடுத்தர விலையில் அப்போது இரண்டு கார்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் இரண்டு விசிறி, மற்றதில் மூன்று. பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும் கடைத்தெருவில் ரெண்டு ஃபேன், மூணு ஃபேன் என்றுதான் கேட்பார்கள். மூணு ஃபேன் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் ஃப்ரேம் நிறையவே கூடுதல். வகுத்துப் பார்த்தால் அதுதான் லாபம். நான் பலகையைக் காட்டினேன்.

"இத பாரும்மா. ஒரு ஃப்ரேமுக்கு இதுலதான் காசு கம்மி."

"என் மானிட்டர் எழுவத்தஞ்சு ஃப்ரேமுக்கு மேல காட்டாது அங்கிள். ரெண்டு ஃபேனே தொண்ணூறு தருதே."

"மானிட்டர நாளைக்கு மாத்துவ. அப்ப வந்து கார்டையும் மாத்தப் போறியா?"

"எங்க வீட்ல சூடு ஜாஸ்தி அங்கிள்."

"மெட்ராஸ்ல யார் வீட்ல சூடு இல்ல? அதுக்குத்தாம்மா மூணு ஃபேன்."

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மூணு ஃபேனை வாங்கிக்கொண்டு போனாள்.

இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். அந்தப் பெண் தன் மானிட்டரைச் சொன்னாள், தன் வீட்டைச் சொன்னாள், எந்தக் கார்டு என்றும் சொன்னாள். மூன்றும் சரி. நான் பலகையை மட்டும் பார்த்துப் பேசினேன். அந்த மானிட்டரில் தெரியவே போகாத ஃப்ரேமுக்கும் சேர்த்து விலையை வகுத்து, அதை லாபம் என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் கார்டோடு வந்தாள். ஆட்டத்தின் நடுவில் மெஷின் அணைந்துபோகிறது என்றாள். பெஞ்சில் மாட்டினேன், அரை மணி ஓடியது. 'கார்டு ஓகே.' அதற்கு இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தாள். இந்த முறை ஒரு மணி நேரம் ஓட்டினேன். அணையவில்லை. அதே பில்லில், முதல் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு 'கார்டு ஓகே'. அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மூன்றாவது முறை வந்தாள். கார்டைக் கல்லா மேசை மேல் வைத்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு மேட்ச் அங்கிள். ஜெயிச்சாதான் அடுத்த ரவுண்டு. நேத்து ப்ராக்டிஸ்ல ரெண்டு வாட்டி ஆஃப் ஆயிடுச்சு. நான் ஒருத்தி போயிட்டா நாலு பேர் எப்படி ஆடுவாங்க? இன்னிக்கு ஆறு மணி ப்ராக்டிஸ்ல மெஷின் தாங்குனா நீ, இல்லன்னா வேற ஆள போடுறேன்னு கேப்டன் சொல்லிட்டான்."

"ஒரு மேட்ச்தானம்மா..."

"போட்டுட்டா போட்டதுதான் அங்கிள். புதுசா வர்றவன் கிட்ட ஏசி ரூம் இருக்கு, புது மெஷின் இருக்கு. என்னை எதுக்குத் திரும்பக் கூப்புடுவாங்க?"

கை பழக்கத்தில் கார்டை எடுத்துப் பெஞ்ச் பக்கம் திரும்பினேன்.

"அதுல ஓடும் அங்கிள்" என்றாள். "உங்க கடையில நல்லாதான் ஓடுது. எங்க வீட்லதான் ஓடல. நான் ஆடுறது எங்க வீட்ல."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் கையில் இருந்த கார்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் ரெண்டு ஃபேன் கார்டு கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மாமாவுக்குச் சேர்த்து முடித்த மெஷினுக்குள் இருந்தது. அன்று இரவுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. ஒப்பிட்டுப் பார்க்கத்தானே என்று அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஷட்டரை இறக்கினேன். தி.நகரில் சனிக்கிழமை மதியம் ஷட்டர் இறங்கினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து நைட்டிக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வீட்டுல யாரும் தவறிட்டாவளா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, ஒரு கார்ட பாக்கப் போறேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

ஸ்டெல்லாவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போனேன். குப்பத்தில் அவர்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது வரிசை. மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று நேராக முகத்தில் அடிக்கும், நாக்கில் உப்புக் கரிக்கும். ஷீட் தலைக்கு மேல் அடுப்பு மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. அறையின் மூலையில் ஒரு நீலப் பெட்டி. கம்ப்யூட்டர் எங்கே என்று தேடினேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ஸ்டெல்லாவின் அப்பா கடலுக்குப் போகிறவர். ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைப்பதிலும் கை தேர்ந்தவர். மகளின் முதல் மதர்போர்டு உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் பச்சை பூத்துச் செத்துப்போனது. மறு போர்டு வந்ததும் அவர் படகுக்குப் போடுகிற அதே ஃபைபர் துணியையும் பசையையும் வைத்து, மொத்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கூடு செய்துவிட்டார். மூடியைச் சுற்றி ரப்பர். முன்னால் ஸ்பாஞ்ச் வைத்த ஒரு துளை, பின்னால் காற்றை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி. அவ்வளவுதான்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது சார்" என்றார். மூடியை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். நல்ல வேலை. ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. பழைய சின்னக் கார்டோடு அந்தக் கூடு இரண்டு வருடம் உப்பைத் தடுத்து நின்றிருக்கிறது.

மூணு ஃபேனை மாட்டி, மூடியைப் பூட்டி, ஸ்டெல்லாவை ஆடச் சொன்னேன். அப்போது மணி இரண்டரை. முதல் பத்து நிமிடம் என் பலகையில் இருந்த எண் அப்படியே வந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு, எழுபது, ஐம்பத்தைந்து. ரெண்டு ஃபேன் கார்டு பெஞ்சில் காட்டிய எண்ணுக்கும் கீழே போய்விட்டது. இருபத்தைந்தாவது நிமிடம் திரை கருப்பானது.

"ஃப்ரேமை எழுவத்தஞ்சுக்கு மேல போகாம கட்டிப் போட்டும் பார்த்துட்டேன் அங்கிள். கொஞ்ச நேரம் தாங்குது. சாயந்திர வெயில் ஷீட்ல ஏறினா முடிஞ்சுது" என்றாள்.

மீன் விற்றுவிட்டுக் கூடையோடு படி ஏறி வந்த அவள் அம்மா மேரி, வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ரிப்பேரா?"

"சூடும்மா. இத்தனைக்கும் மூணு விசிறி இருக்கு."

"மூணு இன்னா, முப்பது வெச்சிக்கோயேன். கதவ சாத்திக்கினு உள்ள உக்காந்துக்கினா வேர்க்காம இன்னா செய்யும்?"

பையிலிருந்த இன்னொரு கார்டை வெளியே எடுத்தேன்.

ரெண்டு ஃபேனை மாட்டினேன். மூடியைப் பூட்டினோம். ஃப்ரேமை எழுபத்தைந்தில் கட்டினேன். அது அலட்டிக்கொள்ளாத கார்டு. மின்சாரமும் குறைவாக எடுக்கும், அதனால் சூடும் குறைவு. ஒரு மணி நேரம் ஓடியது. எண் எழுபத்தைந்தை விட்டு அசையவில்லை. மணி நாலரை.

இப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. அந்தக் கார்டு இன்னொருவருடையது. மூணு ஃபேனோ விற்ற சரக்கு, பத்து நாள் ஓடியது. மொத்த வியாபாரி திரும்ப எடுக்க மாட்டார். நான் யோசிப்பதைப் பார்த்து ஸ்டெல்லாவின் அப்பா எழுந்தார். ஸ்பேனரை எடுத்தார்.

"சார், நம்ம பொட்டிதான பிரச்சன? மூடிய கழட்டிடுறேன். பாப்பா ஆடட்டும்."

"வேணாம்ப்பா" என்றாள் ஸ்டெல்லா. "மழைக்கு முன்னாடியே போர்டு போயிடும்."

"நாளைக்கு மேட்ச் ஆடணும்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அமுதா, கார்த்தி, அந்த இடத்தில் 'கழட்டிடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூடியைத் திறந்தால் மூணு ஃபேன் ஓடும். ஆறு மணி ப்ராக்டிஸ் நடக்கும், மறுநாள் மேட்ச்சும் நடக்கும். நான் எழுதிய 'கார்டு ஓகே' இரண்டும் சரியாகிவிடும். மாமாவின் மெஷின் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும். போர்டு செத்தால் அவள் நம்மிடம்தான் இன்னொன்று வாங்க வருவாள். யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. அந்த மனிதரே தன் வேலையில்தான் தப்பு என்று ஒப்புக்கொண்டு ஸ்பேனரோடு நிற்கிறார்.

அவர் கையைப் பார்த்தேன். மூடியின் மரை மேல் ஸ்பேனரை வைத்துவிட்டுத் திருகாமல் நின்றார்.

"கீழ வைங்க" என்றேன். "பொட்டி சரியாத்தான் இருக்கு. நான் கொடுத்த கார்டுதான் தப்பு. பாப்பா கேட்டது வேற."

மாடிப்படியில் நின்று மயிலாப்பூர் மாமாவுக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொன்னேன். உங்கள் மெஷினிலிருந்து கார்டை எடுத்துவிட்டேன், இங்கே ஒருவருக்கு உடனே தேவைப்படுகிறது, உங்களுக்கு செவ்வாய்க்கிழமை புதிதாகப் பெட்டி பிரிக்காத கார்டு போட்டுத் தருகிறேன், நீங்கள் முடியாது என்றால் இப்போதே கழற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"என்னைக் கேக்காம எடுத்தேள் பாருங்கோ, அது தப்பு" என்றார்.

"தப்புதான் சார்."

"செவ்வாய்க்கிழமையே வரட்டும். நாளைக்கு ஆத்துல எல்லாரும் வரா. அது வந்துடுத்துன்னா பேரன் அதைக் கட்டிண்டு உக்காந்துடுவான், ஒருத்தரோடயும் பேச மாட்டான்."

அவர் விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் அவர் பேரன், என் சாமர்த்தியம் இல்லை. அவர் முடியாது என்றிருந்தால் நான் கழற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுப்பதை நல்ல காரியத்துக்கு என்று நீங்களும் செய்துவிடாதீர்கள்.

இரண்டு கார்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மூணு ஃபேனை, ஓடிய கார்டு என்று சொல்லியே விலை குறைத்து, மாம்பலத்தில் ஏசி அறையில் மெஷின் வைத்திருக்கும் ஒருவருக்குப் பிறகு விற்றேன். அவர் இன்றுவரை அதைப் பாராட்டுகிறார். அதுவும் நல்ல கார்டுதான். அதற்கு ஏற்ற வீடு அது.

பலகையை நான் அழிக்கவில்லை. அதில் இருக்கும் எண்கள் எல்லாம் உண்மை. ஏசிக்குக் கீழே, பெட்டி இல்லாமல், பெரிய பவர் சப்ளையோடு ஆடுகிறவருக்கு அவை உண்மை. அப்படி ஆடும் ஒரு வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால்தான் கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மானிட்டர் என்ன, மெஷின் எங்கே இருக்கிறது, பக்கத்தில் ஜன்னல் உண்டா என்று கேட்கச் சொல்கிறேன். திரும்பி வந்த கார்டு பெஞ்சில் ஓடினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே ஓடாதது இங்கே ஏன் ஓடுகிறது என்ற கேள்வி அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

சனிக்கிழமை ஆறு மணி ப்ராக்டிஸில் மெஷின் அணையாமல் தாங்கியது. ஆனால் ப்ராக்டிஸ் வெயில் தாழ்ந்த பிறகு நடந்தது. மேட்ச் நாலு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. வீட்டில் உட்கார முடியவில்லை. மூன்றரைக்கே குப்பத்துக்குப் போய்விட்டேன்.

ஸ்டெல்லா காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வாசல்படியில். மேரியம்மா திரையைப் பார்க்கவே இல்லை. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீலப் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் எனக்கும் புரியாது. நான் திரையின் மூலையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தேன். நாலேகால், எழுபத்தைந்து. நாலரை, எழுபத்தைந்து. ஷீட் படபடவென்று வெடிக்கிற வெயில். ஐந்து மணிக்கும் எழுபத்தைந்து.

ஐந்தே கால் இருக்கும். ஸ்டெல்லா சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியில் சாய்ந்தாள்.

மேரியம்மா பதறி எழுந்தார். "இன்னாடி, மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்லம்மா. தோத்துட்டோம்."

"மிஷின்னாலயா?"

"மெஷின் நல்லா இருக்கு. நான்தான் ஆட்டத்துல ஒரு கதவுகிட்ட அவசரப்பட்டு எட்டிப் பார்த்துட்டேன். சுட்டுட்டான்."

மேரியம்மா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். "அப்ப சரி" என்றார்.

ஹெட்போனில் யாரோ பேசுவது எனக்கே கேட்டது. கேப்டன் பையன். குரலில் எரிச்சல் இருந்தது. ஸ்டெல்லா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். வேறு ஆள் போடுகிறேன் என்று சொல்கிறானோ என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் மச்சி, என் தப்புதான்" என்றாள். கொஞ்சம் கேட்டாள். "எத்தன மணிக்கு?" மேசையில் கிடந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டாள். "சரி, நாளைக்கு ஆறு மணிக்கு வரேன். அந்தக் கதவையே பத்து வாட்டி ஆடிப் பார்க்கலாம்."